மூட முடியாத தொழிற்சாலைகள்: ஹங்கேரியின் 1968 சீர்திருத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

1968 ஜனவரி 1 அன்று ஹங்கேரியின் அரசுத் தொழிற்சாலைகளுக்கு வழக்கமாக வரும் உத்தரவு வரவில்லை. இந்த வருடம் இத்தனை ஜோடி செருப்பு, இத்தனை டன் கம்பி, இத்தனை மீட்டர் துணி என்று அமைச்சகம் அதுவரை வருடா வருடம் எழுதி அனுப்பிவந்தது. அன்றோடு அது நின்றது. தொழிற்சாலை இன்னமும் அரசுடையதுதான். இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும் அமைச்சகம்தான். ஆனால் எதைச் செய்வது, யாரிடம் வாங்குவது, யாருக்கு விற்பது என்பதை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், லாபம் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

சோஷலிசம் ஒரு பொருளாதார முறையாக வேலை செய்யுமா என்ற சண்டையில் இரு தரப்பும் சோவியத் யூனியனைத்தான் இழுத்து வருவார்கள். ஒருவர் காலிக் கடைகளைக் காட்டுவார், இன்னொருவர் ஸ்புட்னிக்கைக் காட்டுவார். அதில் சிக்கல் என்னவென்றால், அங்கே எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடந்தது: அரசுடைமை, மேலிருந்து வரும் திட்டம், உறைந்த விலைகள், ஒரே கட்சி, பெரிய ராணுவம், பயம். எது கெட்டதால் எது கெட்டது என்று பிரிக்கவே முடியாது. ஹங்கேரி அந்தப் பின்னலிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவி எடுத்தது. உடைமை அரசிடமே இருக்கட்டும், ஆனால் கட்டளைத் திட்டம் வேண்டாம் என்றது. ஒரு நாடே இப்படிச் சோதனைக்கூடமாவது அபூர்வம். அதனால்தான் இந்த ஆய்வுக்கு ஹங்கேரி.

1968க்கு முன்

1948 மார்ச்சில், நூறு பேருக்கு மேல் வேலை செய்த தொழில்கள் அரசுடைமையாயின. 1949 முடிவதற்குள் பத்துப் பேருக்கு மேல் இருந்தவையும் போயின. கட்சித் தலைவர் மாட்யாஷ் ராகோஷியின் தலைமை, ஹங்கேரியை இரும்பும் எஃகும் நிறைந்த நாடாக்கப் போவதாகச் சொன்னது. நிலத்தடியில் போதுமான இரும்புத்தாது இல்லாத நாடு அது. இருந்தும் டான்யூப் கரையில் ஸ்டாலின் பெயரில் ஒரு எஃகு நகரமே எழுந்தது. இன்று அதன் பெயர் துனாஉய்வாரோஷ்.

அந்தக் காலத்துத் திட்டம் எப்படி நடந்தது என்பதை உள்ளே போய்ப் பார்த்து எழுதியவர் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்நாய். கட்சிப் பத்திரிகையில் இருந்தவர், 1955இல் வெளியேற்றப்பட்டவர். அதன்பின் துணி, தோல் போன்ற இலகுரகத் தொழில்களின் நிர்வாகிகளிடம் போய் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன உத்தரவு வருகிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் திட்டப் பொருளாதாரத்தைப் பற்றிக் கொள்கை பேசிய அளவுக்கு யாரும் இதைச் செய்திருக்கவில்லை.

அவர் கண்டது இதுதான். நிர்வாகிக்குப் போனஸ் இலக்கைத் தொட்டால்தான். 100 சதவீதம் தொட்டால் உண்டு, 99இல் நின்றால் இல்லை. ஆகவே மாதக் கடைசியிலும் காலாண்டுக் கடைசியிலும் ஓட்டம், அடுத்த மாதத் தொடக்கத்தில் ஓய்வு. இலக்கு மதிப்பில் இருந்தால் விலையுயர்ந்த கச்சாப் பொருளைத் திணிப்பார்கள். எடையில் இருந்தால் கனமாகச் செய்வார்கள். அதிகம் செய்து காட்டினால் அடுத்த வருடம் இலக்கு ஏறிவிடும். எனவே திறமை இருந்தாலும் ஒளித்துவைப்பார்கள். மேலே இருப்பவர்களுக்கும் இது தெரியும், அதனால் கேட்கும்போதே கூட்டிக் கேட்பார்கள். இரு பக்கமும் பொய் சொல்கிறார்கள் என்று இரு பக்கத்துக்கும் தெரிந்த ஒரு பேரம் அது. இதில் யாரும் சோம்பேறி அல்ல. எல்லோரும் மும்முரமாக உழைத்தார்கள், வாங்குபவருக்காக அல்ல, அவ்வளவுதான்.

1956 அக்டோபரில் இந்த ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்தன. கிளர்ச்சி நாள்களில் பிரதமராக இருந்த இம்ரே நாகி 1958 ஜூனில் தூக்கிலிடப்பட்டார். சோவியத் ஆதரவோடு யானோஷ் காதார் ஆட்சிக்கு வந்திருந்தார். கோர்நாய் தான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்திலிருந்து துரத்தப்பட்டார். இந்த இரத்தத்தை மறந்துவிட்டு 1968ஐப் புரிந்துகொள்ள முடியாது. மக்களிடம் சம்மதம் வாங்காமல் வந்த ஆட்சி, சாப்பாட்டையும் துணிமணியையும் கொடுத்தாவது அமைதியை வாங்க வேண்டியிருந்தது. வயிறு நிறைந்தால் வாய் மூடும் என்ற கணக்குதான் சீர்திருத்தத்துக்குக் கதவு திறந்தது.

ஒரு பழைய வழக்கு

இதற்கெல்லாம் முன்பே, 1920இல், வியன்னாவில் பொருளாதார அறிஞர் லுட்விக் ஃபான் மீசெஸ் ஒரு கேள்வியை வீசியிருந்தார். இயந்திரம், நிலம், கட்டடம் எல்லாம் அரசிடம் இருந்தால் அவற்றை யாரும் வாங்கவும் விற்கவும் மாட்டார்கள். வாங்கி விற்காவிட்டால் விலை இல்லை. விலை இல்லாவிட்டால், பாலம் கட்டுவதற்கு எஃகு லாபமா, கான்கிரீட் லாபமா என்று எப்படிக் கணக்குப் போடுவீர்கள்?

1930களில் போலந்துக்காரரான ஆஸ்கர் லாங்கே பதில் சொன்னார். திட்டக்குழு தோராயமாக ஒரு விலை வைக்கட்டும். பொருள் தேங்கினால் குறைக்கட்டும், தட்டுப்பாடு வந்தால் ஏற்றட்டும். நிர்வாகிகள் அந்த விலையை வைத்துக் கணக்குப் பார்த்து உற்பத்தி செய்யட்டும். சந்தை செய்வதும் இதைத்தானே! ஃபிரீட்ரிக் ஹாயெக் இதை ஏற்கவில்லை. எங்கே என்ன கிடைக்கிறது, எது மலிவு, எது பழுது என்ற அறிவு ஆயிரமாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கிறது, அதை ஒரு குழு மேஜைக்குக் கொண்டுவர முடியாது என்றார்.

கவனித்தால், மூவருமே சண்டை போட்டது பெரும்பாலும் தகவலைப் பற்றி. விலை தெரியுமா, கணக்குப் போட முடியுமா என்பதே வழக்கு. ஹங்கேரி வேறோர் இடத்தில் போய் மாட்டிக்கொண்டது என்பதே இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது.

என்ன மாற்றினார்கள்

சீர்திருத்தத்தை நடத்தியவர் கட்சியின் மத்தியக் குழுச் செயலாளர் ரெஜோ ந்யெர்ஷ். 'புதிய பொருளாதாரப் பொறியமைப்பு' என்று அதற்குப் பெயர். துண்டு துண்டாகச் செய்யாமல் ஒரே நாளில் தொடங்கினார்கள், அது புத்திசாலித்தனம். கட்டாய இலக்குகள் போயின. கச்சாப் பொருளை மேலிருந்து பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் பெரும்பாலும் போனது. விலைகளை வகை பிரித்தார்கள்: சில அரசு நிர்ணயித்தவை, சிலவற்றுக்கு உச்சவரம்பு, சில சுதந்திரமானவை. அன்றாட உணவும் வாடகையும் அரசின் பிடியில், தொழிற்சாலைகள் ஒன்றுக்கொன்று விற்கும் பல பொருள்கள் சுதந்திரத்தில். பெரிய முதலீடுகளை மட்டும் மையம் வைத்துக்கொண்டது.

முதல் சில வருடங்கள் நன்றாகவே போயின. அரசுக் கணக்கில் தேசிய வருமானம் வருடத்துக்கு 6 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. கடைகளில் பொருள் இருந்தது. பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்கள் புடாபெஸ்ட் கடை ஜன்னல்களைப் பார்த்து வியந்தார்கள். உத்தரவு இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்தவர்கள் தோற்றார்கள். கட்டளைத் திட்டம் இல்லாமல் அரசுடைமை நடக்கும், அது ருசுவாகிவிட்டது. இந்த வெற்றியைச் சோஷலிசத்தின் எதிரிகள் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஆனால் உள்ளே ஒரு முள் தைத்தது. லாபத்தில் பங்கு கொடுப்பதற்கு விதி வகுத்தபோது, உயர் நிர்வாகிகள் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, நடுத்தட்டு அலுவலர்கள் 50 சதவீதம் வரை, தொழிலாளர்கள் 15 சதவீதம் வரை பெறலாம் என்று வைத்தார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. நஷ்டம் வந்தால் நிர்வாகியின் அடிப்படைச் சம்பளமே வெட்டப்படும், தொழிலாளியின் சம்பளத்தைத் தொடக்கூடாது. ஆபத்து யாருக்கோ, ஆதாயமும் அவருக்கு. காகிதத்தில் சரி. ஆனால் தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் ஆளும் நாட்டில் 80, 50, 15 என்று மூன்று எண்களை எழுதி ஒட்டினால் என்ன ஆகும்? கொந்தளித்தார்கள். ஓரிரு வருடத்தில் விதியைக் கைவிட்டார்கள். ஆதாயத்தை எடுத்ததோடு ஆபத்தும் சேர்ந்து போய்விட்டது. எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமான திருப்பமாகத் தெரிவது இதுதான், ஆனால் வரலாறுகளில் இது பெரும்பாலும் ஓரத்தில்தான் கிடக்கிறது.

இன்னொரு விதி வேடிக்கையானது. சம்பளம் கட்டுமீறிப் போகக்கூடாது என்று, தொழிற்சாலையின் சராசரிச் சம்பளம் ஏறினால் வரி போட்டார்கள். நிர்வாகிகள் என்ன செய்தார்கள்? திறமையான மெக்கானிக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டுமானால், குறைந்த சம்பளத்தில் நாலு பேரைக் கூடுதலாக வேலைக்கு எடுத்தார்கள். சராசரி இறங்கிவிடும்! பாலில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். வேலை இல்லாமலே ஆள் சேர்ந்தது, வெளியே ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலும் சேர்ந்தது.

1972 நவம்பர்

வருமான வித்தியாசம் கூடியது. சிறிய நிறுவனங்களும் கூட்டுறவுகளும் வேகமாகச் சம்பாதித்தன. பெரிய ஆலைத் தொழிலாளர்கள் எங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். தொழிற்சங்கமும் பெரிய ஆலைகளின் இயக்குநர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். 1968 ஆகஸ்டில், செக்கோஸ்லோவாக்கியாவின் சீர்திருத்தத்தை நசுக்க அதன் தலைநகர் பிராகுக்குள் சோவியத் டாங்கிகள் போனபின் மாஸ்கோவுக்கும் சீர்திருத்தம் என்ற சொல்லே கசந்தது. அந்தப் படையெடுப்பில் ஹங்கேரியப் படையும் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1972 நவம்பரில் கட்சியின் மத்தியக் குழு கூடி, 50 பெரிய நிறுவனங்களைத் தனிக் கவனிப்பில் எடுத்தது. பெரிய ஆலைத் தொழிலாளர்களின் சம்பளம் மையத்திலிருந்து உயர்த்தப்பட்டது. 1974இல் ந்யெர்ஷ் பதவி இழந்தார். மறு வருடம் பிரதமர் யெனோ ஃபோக்கும் போனார். கட்டாய இலக்குகள் மட்டும் திரும்பி வரவில்லை. வந்தது வேறொன்று: தொலைபேசி. இதைக் கொஞ்சம் கவனிக்கிறீர்களா என்று அமைச்சகத்திலிருந்து வரும் அழைப்பு.

இதைச் சீர்திருத்தத்துக்கு நடந்த துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. கட்சி மட்டும் குறுக்கே வராவிட்டால் ஜெயித்திருக்கும் என்பது அவர்கள் வாதம். நான் அப்படி நினைக்கவில்லை. கட்சி குறுக்கே வராத இடங்களிலும் என்ன நடந்தது என்று பார்த்தால் காரணம் புரியும்.

அழுத பிள்ளை

கோர்நாய் 1970களில் மறுபடி இதே கேள்விக்கு வந்தார். உத்தரவு இல்லை, லாபம்தான் இலக்கு, விலையும் ஓரளவு நகர்கிறது. பிறகு ஏன் தட்டுப்பாடு தீரவில்லை? கார் வாங்க முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் ஏன் காத்திருக்கிறார்கள்? வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புக்கு ஏன் அதைவிட நீளமான வரிசை?

அவர் கொடுத்த பதில், பொருளாதாரத்துக்கு வெளியேயும் எல்லோரும் பயன்படுத்தும் சொல்லாகிவிட்டது: இளகிய பட்ஜெட் கட்டுப்பாடு. ஒரு குடும்பம் வருமானத்துக்கு மேல் செலவழித்தால் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். கயிறு இறுகும். அரசு நிறுவனத்துக்கு அந்தக் கயிறு இழுத்தால் நீளும். நஷ்டமா? மானியம் வாங்கலாம். மானியம் இல்லையா, வரிச்சலுகை கேட்கலாம். அதுவும் இல்லையா, அரசு வங்கிக் கடனைத் தள்ளிப்போடலாம். அதுவும் முடியாதா, நம் பொருளுக்கு விலையை ஏற்றித் தரச் சொல்லலாம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நமக்கு ஒரு வரி. ஹங்கேரியின் தொழில்துறைக்கு அது நிதிக் கொள்கையாகவே இருந்தது.

இதை வெறும் கருத்தாக விட்டுவிடவில்லை. கோர்நாயும் ஆக்னெஷ் மடிச்சும் அரசு நிறுவனங்களின் கணக்குகளை எடுத்து, ஒரு நிறுவனம் தானாகச் சம்பாதித்த லாபத்தையும், வரி, மானியம், சலுகை எல்லாம் கூட்டிக் கழித்தபின் அதன் கையில் மிஞ்சியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாததுபோல இருந்தது. நன்றாகச் சம்பாதித்தவனிடமிருந்து உருவி, சம்பாதிக்காதவனுக்கு ஊற்றியிருந்தார்கள். முன்கூட்டியே வகுத்த விதிப்படியும் அல்ல, கேஸ் கேஸாகப் பேசி.

இப்போது ஒரு நிர்வாகியின் இடத்தில் நின்று பாருங்கள். செலவைக் குறைத்து லாபம் கூட்டினால் அடுத்த வருடம் அதைப் பிடுங்குவதற்கு ஒரு புதிய வரி வரும். நஷ்டம் காட்டினால் அமைச்சகத்துக்கு நாலு தடவை போக வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் அவருடைய நேரம் எங்கே போகும்? வாடிக்கையாளரிடமா, அமைச்சகத்திடமா? 1950களில் இலக்கைக் குறைக்கப் பேரம் பேசினார்கள். 1970களில் வரியைக் குறைக்கப் பேரம் பேசினார்கள். பேரத்தின் பொருள் மாறியது, பேரம் மாறவில்லை.

தட்டுப்பாடும் இங்கிருந்துதான் பிறக்கிறது. தோற்றால் தண்டனை இல்லை என்றால், புதிய கட்டடம், புதிய இயந்திரம் என்று எது கிடைத்தாலும் கேட்டு வைப்பதே லாபம். பெரிதாக இருந்தால் அழும் சத்தமும் பெரிதாகக் கேட்கும். இது எல்லா நிறுவனத்துக்கும் உள்ள பசி என்பதால் எஃகும் சிமெண்டும் ஆளும் எவ்வளவு இருந்தாலும் போதாது. விலை ஏறினால் தேவை குறைய வேண்டும் அல்லவா? ஏறிய விலையை யாரோ கொடுக்கப் போகிறார்கள் என்றால் எதற்குக் குறைய வேண்டும்? லாங்கேயின் திட்டக்குழு எவ்வளவு சரியாக விலை வைத்தாலும், அந்த விலை உறைக்காத ஆளிடம் அது வெறும் எண். மீசெஸ் கேட்டது விலை எங்கிருந்து வரும் என்று. ஹங்கேரியில் விலை வந்துவிட்டது. வலிதான் வரவில்லை.

நாலு மணிக்குப் பிறகு

1982இல் அரசு ஒரு புதுமைக்கு அனுமதி தந்தது. ஒரே தொழிற்சாலையின் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு கூட்டுப் பணிக்குழுவைப் பதிவு செய்துகொள்ளலாம். ஷிப்ட் முடிந்தபின், அதே கூரைக்குக் கீழே, அதே லேத்தில், அதே தொழிற்சாலைக்காக ஒப்பந்த வேலை செய்யலாம். நிறுவனம் அந்தக் குழுவுக்குப் பணம் கொடுக்கும். அது சம்பளக் கணக்கில் வராது, எனவே சம்பள வரிக்கும் சிக்காது. லட்சக்கணக்கானவர்கள் இதில் சேர்ந்தார்கள்.

விளைவை ஊகிக்கலாம். பகலில் மெதுவாக ஓடிய கை நாலு மணிக்குப் பிறகு வேகமாக ஓடியது. ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த கூலியும் பகலைவிடக் கணிசமாகக் கூடுதல். அதே மனிதர், அதே இயந்திரம், அதே முதலாளி. மாறியது ஒன்றுதான்: அந்த வேலையின் வரவும் செலவும் அந்த நாலைந்து பேர் தலையில் விழுந்தது. இதைவிடச் சுத்தமான சோதனையை ஒரு பொருளாதார நிபுணர் உட்கார்ந்து வடிவமைத்திருக்க முடியாது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பகலில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை, வார இறுதியில் வீடு கட்டும் வேலை என்று ஒரு தலைமுறையே உடலை உருக்கியது. ஹங்கேரிய ஆண்களின் ஆயுள் 1960களின் நடுவிலிருந்து ஏறவே இல்லை, 1990 வாக்கில் 65 வயதை ஒட்டி இறங்கியிருந்தது. குடியும் புகையும் அதில் பெரும் பங்கு, ஆனால் இந்த ஓட்டத்தையும் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

வயல்களில் கதை வேறு. அங்கே நிலம் கூட்டுப்பண்ணையாகியும், வீட்டுக்கொரு துண்டு நிலத்தைக் குடும்பங்களிடமே விட்டுவைத்தார்கள். பன்றி, கோழி, காய்கறி, பழம் என்று ஆள் கவனிப்பு வேண்டியதெல்லாம் அந்தத் துண்டுகளில் விளைந்தது. டிராக்டர் வேண்டிய கோதுமையும் மக்காச்சோளமும் பெரிய பண்ணையில். விதையும் தீவனமும் பண்ணை கொடுக்கும், விளைந்ததைப் பண்ணையே வாங்கிக்கொள்ளும். பாபோல்னா அரசுப் பண்ணை அமெரிக்க மக்காச்சோள சாகுபடி முறையையே இறக்குமதி செய்து மற்றப் பண்ணைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. கோதுமை விளைச்சல் ஹெக்டேருக்கு 4 டன்னைத் தாண்டியது. சோவியத் யூனியன் தானியம் இறக்குமதி செய்துகொண்டிருந்த காலத்தில் ஹங்கேரி ஏற்றுமதி செய்தது. சொந்தக் கணக்கு ஒரு பக்கம், கூட்டு இயந்திரம் ஒரு பக்கம் என்ற இந்தச் சேர்க்கை தற்செயலாக அமைந்தது, ஆனால் நன்றாக வேலை செய்தது. பொதுவுடைமை என்றாலே விளையாது என்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கலாம்.

கடன்

1973இல் எண்ணெய் விலை எகிறியது. உலகம் முழுவதும் நிறுவனங்கள் தடுமாறி, எரிபொருளைக் குறைத்து, பழைய ஆலைகளை மூடின. ஹங்கேரியத் தலைமை முதலில், இது முதலாளித்துவத்தின் நெருக்கடி, நமக்கு வராது என்று நினைத்தது. சோவியத் எண்ணெய் சில காலம் மலிவாகக் கிடைத்ததும் அந்த நினைப்பை வளர்த்தது. ஏறிய விலை தொழிற்சாலை வாசலை எட்டாமல் அரசு பட்ஜெட் நடுவில் நின்று தாங்கியது. தாங்கியதற்கான பணம் மேற்கத்திய வங்கிகளிலிருந்து வந்தது.

கடன் வாங்குவது தப்பில்லை, வாங்கியது எங்கே போனது என்பதுதான் கேள்வி. புதிய ஏற்றுமதியை உருவாக்கும் ஆலைக்குப் போயிருந்தால் கடன் தானே அடைந்திருக்கும். அழுத பிள்ளைகளுக்குப் போனது. 1982இல் டாலர் கையிருப்பு வற்றி, நாடு சர்வதேச நாணய நிதியத்தில் சேர்ந்தது. 1989இல் கடன் 2,000 கோடி டாலரை எட்டியிருந்தது, ஒரு கோடிக்குச் சற்றே அதிகமான மக்கள்தொகைக்கு. கிழக்கு முகாமில் தலைக்கு இவ்வளவு கடன் வேறெந்த நாட்டிலும் இல்லை.

மறுப்புகள்

இந்த வாசிப்புக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. சிலவற்றை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை.

முதலாவது, இது சோஷலிசமா, வெறும் கட்சி ஆட்சியா என்பது. தொழிலாளர்களுக்கு உண்மையான ஓட்டு இருந்திருந்தால் வேறு மாதிரி போயிருக்காதா? போயிருக்கலாம். ஆனால் எந்தத் திசையில்? 80, 50, 15 விதியை ஒழித்தது தொழிலாளர்களின் கோபம்தான். ஒரு ஊருக்கே சோறு போடும் ஆலையை மூடலாமா என்று ஊரிடம் ஓட்டுக் கேட்டால் பதில் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். யூகோஸ்லாவியாவில் 1950 முதல் தொழிலாளர் மன்றங்களே நிறுவனங்களை நடத்தின. அங்கேயும் நஷ்டத்தை உள்ளூர் வங்கிகள் தாங்கின, வங்கிகளை உள்ளூர் அரசியல் தாங்கியது, முடிவில் 1989இல் பணவீக்கம் பணத்தையே தின்றது.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் இருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொந்த்ராகோன் கூட்டுறவுகள் 1956இல் ஒரு சிறு அடுப்புத் தொழிற்சாலையில் தொடங்கின. உரிமையாளர்கள் தொழிலாளர்களே. அந்த முதல் தொழிற்சாலையின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் கடனில் மூழ்கியபோது, மற்றக் கூட்டுறவுகள் சில காலம் பணம் போட்டுப் பார்த்தன. அப்புறம், இனி முடியாது என்று சொல்லிவிட்டன. தாயையே போகவிட்டார்கள். ஆலை போனது, ஆனால் உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்றக் கூட்டுறவுகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன. ஆளைக் காப்பாற்றுவதும் ஆலையைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதை ஒரு கூட்டு உடைமையே செய்துகாட்டியது இது. ஆனால் அதைச் சுற்றி இருந்தது சந்தை, இல்லை என்று சொன்னவர்கள் போட்டது தங்கள் சொந்தப் பணம். ஹங்கேரியில் அமைச்சகம் போட்டது யாருடைய பணம்?

இரண்டாவது, கணினி. அன்று முடியாத கணக்கை இன்றைய கணினி போட்டுவிடும் என்கிறார்கள். போடட்டும். ஹங்கேரி மாட்டிக்கொண்டது கணக்கில் அல்ல. எந்த ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது என்று அமைச்சகத்துக்கு நன்றாகவே தெரியும். மூடு என்று சொல்ல முடியவில்லை. எந்தக் கணினியும் அந்தக் கையெழுத்தைப் போடாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. முதலாளித்துவ நாடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? 2008இல் அமெரிக்கா வங்கிகளை மீட்டது, ஜெனரல் மோட்டார்ஸையும் மீட்டது. உண்மை. கோர்நாயே தன் சொல் சோஷலிசத்துக்கு மட்டும் உரியதல்ல என்று சொன்னவர். பெரிதாக இருந்தால் யாரோ தூக்கிவிடுவார்கள் என்று நம்பும் வங்கி, 1975இன் ஒரு ஹங்கேரிய எஃகு ஆலைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். வித்தியாசம் அளவில்தான். ஒன்றில் பெரிய சில இடங்களில் கயிறு இளகும், மற்ற ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் சத்தமில்லாமல் மூடும். மற்றதில் எங்குமே இறுகாது. அளவு வித்தியாசம்தானே என்று இதை ஒதுக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, காய்ச்சலும் அளவு வித்தியாசம்தான்.

சீனாவை இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1978க்குப் பின் வளர்ச்சி வந்தது பெரும்பாலும் அரசு நிறுவனங்களுக்கு வெளியிலிருந்து. அரசு நிறுவனங்களை இறுக்கியபோது, 1990களின் கடைசியில், இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். ஸ்காண்டினேவிய நாடுகளை இந்த வழக்கில் சேர்க்கவே தேவையில்லை. அங்கே வரி கனம், ஆனால் ஆலை தனியாருடையது, மூடினால் மூடியதுதான்.

ஹங்கேரி கொடுத்ததையும் எழுதாமல் விடக்கூடாது. வேலையின்மை என்றால் என்னவென்று ஒரு தலைமுறைக்குத் தெரியாது. 1967 முதல் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாதாந்திர உதவித்தொகை கிடைத்தது, அது பிறகு குழந்தையின் மூன்று வயது வரை நீண்டது. அரசு முறையின் பிழை எது என்று கேட்டால் பலர் இவற்றைத்தான் செலவு என்று காட்டுவார்கள். கணக்கில் பார்த்தால் ஓட்டை இருந்தது இங்கே அல்ல, தொழிற்சாலைகளில்தான்.

1992 ஏப்ரல்

1986இல் ஹங்கேரி திவால் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சோஷலிச நாடு ஒன்றில் அது பெரிய செய்தி. ஆனால் அதை யாரும் அதிகம் தொடவில்லை. கடன் கொடுத்தவரும் அரசு, வாங்கியவரும் அரசு, கேஸ் போடுவது யார் மேல்? 1987இல் மைய வங்கியிலிருந்து வணிக வங்கிகளைப் பிரித்தார்கள், 1988இல் வருமான வரியும் மதிப்புக்கூட்டு வரியும் வந்தன. 1989 அக்டோபர் 23 அன்று, ஒரே கட்சி ஆட்சியைக் கைவிட்டு, குடியரசு அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பஸ் செய்துகொண்டிருந்த இகாருஸ், தன் பெரிய வாடிக்கையாளரான சோவியத் யூனியனையே இழந்து நின்றது.

புதிய அரசு 1992 ஜனவரி 1 அன்று, 1968இன் அதே தேதியில், ஒரு புதிய திவால் சட்டத்தை அமலாக்கியது. அதில் ஒரு விதி மிகக் கடுமையானது. கடனைக் கெடு தாண்டி 90 நாள் கட்டாத எந்த நிறுவனமும் தானே கோர்ட்டுக்குப் போய்த் திவால் மனுக் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் கேட்க வேண்டியதில்லை, அமைச்சகத்தைக் கேட்கவும் வேண்டியதில்லை. 90 நாளை எண்ணினால் ஏப்ரல் வருகிறது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மனுக்கள் குவிந்தன. அவற்றில் உதவாத ஆலைகளும் இருந்தன, தனக்கு வர வேண்டிய பாக்கி வராததால் மட்டும் மாட்டிக்கொண்ட நல்ல நிறுவனங்களும் இருந்தன. நீதிபதிகள் திணறினார்கள். 1989க்கும் 1993க்கும் இடையில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. 1993இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.